பஞ்சமி நிலம்: எழுதிய நிபந்தனைக்குக் காவல் யார்?

நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் காலனிகளில் பெரியவர்களிடம் நிலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், இந்த மேடு எங்கள் பாட்டனுடையது, அந்த ஏரிக்கரைத் துண்டு எங்கள் பங்காளிகளுடையது என்று கை நீட்டிக் காட்டுவார்கள். இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். சில இடங்களில் அது இன்னொருவர் பயிர் வைக்கும் வயல். சில இடங்களில் கல் நட்டு விற்ற மனைப்பிரிவு. இன்னும் சில இடங்களில் சுற்றுச்சுவர் எழுப்பிய தோட்ட வீடு.

இந்த நிலங்களில் பலவற்றுக்கு வருவாய்த் துறையின் பழைய கணக்கில் இன்றும் ஒரு குறிப்பு உண்டு. 'டி.சி. நிலம்', 'நிபந்தனை ஒப்படை', 'பஞ்சமி' என்று பல பெயர்களில் அந்தக் குறிப்பு இருக்கும். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலம், வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

எழுத்து இருக்கிறது, நிலம் இல்லை. இது எப்படி நடந்தது என்பதை இந்த வாரம் பார்ப்போம். கல்லூரியில் பொருளாதாரமும் சட்டமும் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு 'சொத்துரிமை', 'ஒப்பந்த அமலாக்கம்' என்ற இரண்டு சொற்கள் பாடமாக வருகின்றன. வளரும் நாடுகள் முன்னேற வேண்டுமானால் இவை இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். அந்தப் பாடத்துக்கு நம் ஊர் நிலத்தைவிடத் தெளிவான உதாரணம் வேறு இல்லை.

செங்கல்பட்டில் தொடங்கிய கதை

1891-இல் செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்தவர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அவர் சென்னை அரசுக்கு ஒரு விரிவான அறிக்கை அனுப்பினார். அந்த மக்கள் நிலமில்லாமல் இருப்பது சோம்பலாலோ விதியாலோ வந்ததல்ல, நில நிர்வாக விதிகளே அவர்களைத் தடுத்தன என்பதை அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது.

அன்றைய விதி இப்படித்தான் இருந்தது. ஊரில் தரிசு கிடந்தால் அதைச் சாகுபடிக்குக் கேட்டு யாரும் மனுப் போடலாம். ஆனால் மிராசு ஊர்களில் அந்த நிலத்தின் மேல் மிராசுதாருக்கே முன்னுரிமை. ஒரு பறையர் மனுப் போட்டால், எனக்கு வேண்டும் என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் அவருக்குப் போய்விடும். அவர் அதில் பயிர் வைக்காமல் போட்டு வைத்தாலும் கேட்பாரில்லை. கூலியாள் சொந்த நிலத்துக்குப் போய்விட்டால் பண்ணை வேலைக்கு யார் வருவார் என்பதுதான் அதன் உள்நோக்கம். குடியிருக்கும் மனையும் பல ஊர்களில் மிராசுதார் சொந்தம் கொண்டாடும் இடமாகவே இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். வாங்கிய கடனோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

அரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும், 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010, 1010-ஏ என்ற அரசாணைகள் வந்தன. தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்க வழி பிறந்தது. அடுத்த பல ஆண்டுகளில் சென்னை மாகாணம் முழுவதும் அப்படி ஒதுக்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

கொடுத்த நிலம் கை மாறிப் போகாமல் இருக்க, ஒப்படை ஆணைகளிலும் வருவாய் நிலையாணைகளிலும் நிபந்தனைகள் எழுதப்பட்டன. முதல் 10 ஆண்டுகள் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அந்த மாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிபந்தனையில் குறை ஒன்றும் இல்லை. அதைக் காக்கும் பொறுப்பு யாரிடம் போனது என்பதில்தான் குறை. ஊர்க் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. ஊர் அதிகாரம் மணியக்காரர் கையில் இருந்தது. நிலத்தை இழந்துவிடக் கூடாது என்று அரசு யாரிடமிருந்து காக்க நினைத்ததோ, அவர்களின் உறவினர்களிடமே பல ஊர்களில் காவல் ஒப்படைக்கப்பட்டது.

கூலி ஒப்பந்தத்துக்கு மட்டும் சிறை

அந்தக் கால அரசுக்கு ஒப்பந்தத்தை அமல்படுத்தத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும்.

1859-இல் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்று அதைச் சொல்லலாம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. தோட்ட முதலாளிகள் இந்தச் சட்டத்தை அதிகம் பயன்படுத்தினார்கள். 1925-இல் இயற்றிய இன்னொரு சட்டத்தின் மூலம்தான் இது நீக்கப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலி வாங்கியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாஜிஸ்திரேட், போலீஸ், சிறைச்சாலை எல்லாம் தயாராக இருந்தன. அதே கூலிக்காரருக்கு நிலம் கொடுத்தபோது அரசு சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு பதிவேட்டுக் குறிப்பு மட்டுமே இருந்தது.

சுதந்திர இந்தியாவில் 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமைக் கடன் செல்லாது என்று அது அறிவித்தது. சில ஒப்பந்தங்களை அமல்படுத்த மறுப்பதுதான் நீதி என்று நம் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. பஞ்சமி நிலத்தை மேல்சாதியாருக்கு எழுதிக் கொடுத்த பத்திரமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

நிலம் எப்படிக் கை மாறுகிறது?

பெயர் வைக்காமல் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். பாட்டனாருக்கு இரண்டு ஏக்கர் ஒப்படை கிடைக்கிறது. நிலம் மேட்டுத் தரிசு. கிணறு வெட்டவும், மாடு வாங்கவும், விதைக்கவும் பணம் வேண்டும். விற்க முடியாத நிலத்தை ஈடாக வாங்க எந்த வங்கியும் முன்வராது. பக்கத்து வயல்காரர் பணம் தருகிறார். புரோநோட்டில் கைநாட்டு. மழை பொய்த்த ஆண்டில் வட்டி ஏறுகிறது. கடனுக்கு ஈடாக நிலத்தைப் போக்கியம் விடு, பணம் வந்ததும் மீட்டுக்கொள் என்கிறார் அவர். வெற்றுத் தாளில் இன்னொரு கைநாட்டு. அந்த வருடத்திலிருந்து நிலத்தில் அவர் பயிர் வைக்கிறார். பாட்டனார் அதே நிலத்தில் கூலிக்குப் போகிறார்.

அடுத்த தலைமுறையில் அந்தப் போக்கியம் கிரயமாக மாறுகிறது. சில இடங்களில் 'பவர்' பத்திரம் எழுதப்படுகிறது. சில இடங்களில் இன்னொரு தலித்தின் பெயரில் பினாமியாக வாங்கப்படுகிறது. அதற்கடுத்து நிலம் மனை வணிகருக்குப் போகிறது. அவர் நூறு பேருக்குப் பிரித்து விற்கிறார். வாங்கிய நூறு பேரில் பலர் சீட்டுக் கட்டியும் நகையை அடகு வைத்தும் வந்த ஏழைகள். நிலம் பஞ்சமி என்பதே அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் ஒரு ஏழையும் இன்னொரு ஏழையும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். இடையில் லாபம் பார்த்தவர் எங்கோ போய்விட்டார்.

இந்த வழி நெடுகிலும் அரசின் கண்ணில் படாமல் எதுவும் நடக்கவில்லை. முத்திரைத்தாள் வாங்கினார்கள், பத்திரம் பதிந்தார்கள், பட்டா மாற்றினார்கள், வரி கட்டினார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு அதிகாரி இருந்தார்.

பதிவான பத்திரம் எதற்கு உத்தரவாதம்?

நம் மக்களில் பலர் நம்புகிற ஒன்று உண்டு. பத்திரம் பதிவாகிவிட்டால் நிலம் வாங்கியவருக்கே சொந்தம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்பது அந்த நம்பிக்கை. இது சரியல்ல.

1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம்தான். இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பதற்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. 2025-இல் உச்ச நீதிமன்றம் கே. கோபி வழக்கில் இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது. விற்பவருக்கு நிலத்தில் உரிமை உண்டா என்று ஆராய்வது சார் பதிவாளரின் வேலை அல்ல என்று கூறி, தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதியை ரத்து செய்தது. 'பவர்' பத்திரம் மூலம் செய்யும் விற்பனை உரிமையை மாற்றாது என்று 2011-இலேயே சூரஜ் லேம்ப் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இது நமக்கு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. பஞ்சமி நிலத்தின் மேல் எழுதிய பத்திரம் பதிவாகியிருந்தாலும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்கலாம் என்பது ஒரு பக்கம். பதிவு அலுவலகமே தடுத்து நிறுத்தும் என்று காத்திருக்க முடியாது என்பது மறுபக்கம்.

காலம் கடந்துவிட்டதா?

அடுத்து வரும் வாதம் காலம். நாற்பது வருடமாக நான் பயிர் வைக்கிறேன், இப்போது வந்து கேட்டால் எப்படி என்பார்கள். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தில் 12 ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாகவும் தொடர்ந்தும் அனுபவித்தால் அனுபவ உரிமை கோரலாம். அரசு நிலமானால் 30 ஆண்டுகள்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1995-இல் சந்தேவரப்பா எதிர் கர்நாடக அரசு வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. தாழ்த்தப்பட்டவருக்கு அரசு ஒப்படைத்த நிலத்தை நிபந்தனையை மீறி ஒருவர் வாங்கியிருந்தார். ஏழைகளுக்கு நிலம் பகிர்ந்து கொடுப்பது அரசியலமைப்பின் நோக்கம், அதைக் குலைக்கும் விற்பனை பொதுக் கொள்கைக்கு விரோதமானது, எனவே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. கிரயப் பத்திரத்தின் வழியாக நிலத்துக்குள் வந்தவர் பிறகு அனுபவ உரிமை கோருவதையும் அது ஏற்கவில்லை.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். இரண்டு பேர் மனமொப்பிச் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே நீதிமன்றம் அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதை அது சொல்கிறது. பட்டினியில் வைத்த கைநாட்டை மனமொப்பியது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கும் அதில் இடம் இருக்கிறது.

கர்நாடகம் போட்ட மூன்று பூட்டுகள்

நம்மைப் போன்ற சிக்கல் பக்கத்து மாநிலத்திலும் இருந்தது. அங்கே நிலையாணையோடு நிறுத்திக்கொள்ளாமல் 1978-இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஒப்படைத்த நிலங்களைக் கை மாற்றத் தடை விதிக்கும் சட்டம் அது. 1984-இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று உறுதி செய்தது.

அந்தச் சட்டத்தில் மூன்று அம்சங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அரசின் முன் அனுமதி இல்லாமல் இந்த நிலங்களை மாற்றும் ஆவணத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவு அலுவலருக்கே தடை. இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் மனு கொடுக்கலாம், மனு வராவிட்டாலும் அதிகாரி தாமாகவே நடவடிக்கை எடுக்கலாம். மூன்றாவதுதான் மிக முக்கியம். ஒப்படைக்கப்பட்ட நிலம் வேறொருவர் கையில் இருந்தால், அது செல்லாத மாற்றத்தின் மூலம் வந்தது என்றே முதலில் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை நிலத்தை வைத்திருப்பவருடையது.

இந்த மூன்றாவது பூட்டின் அருமை, வருவாய் அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். இங்கே நம் மக்களிடம்தான் ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். பாட்டனாரின் ஒப்படை ஆணை கூரை வீட்டோடு எரிந்திருக்கும், கரையான் தின்றிருக்கும். அதன் அலுவலகப் பிரதி அரசிடம்தான் இருக்க வேண்டும். ஆவணம் வைத்திருக்க வேண்டியவரே நம்மிடம் ஆவணம் கேட்கிறார். சுமையை மாற்றிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கர்நாடகத்திலும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 2017-இல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில், மிக நீண்ட தாமதத்துக்குப் பிறகு வந்த மனுவை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதைக் காட்டி அங்கே பல மனுக்கள் தள்ளப்பட்டன. மக்கள் போராடினார்கள். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, மனுக் கொடுக்கக் காலவரம்பு கிடையாது என்று சேர்த்தார்கள். ஒன்றுபட்ட ஆந்திராவிலும் 1977-இல் ஒப்படை நில மாற்றத் தடைச் சட்டம் வந்தது. திரமென்ஹீர் அறிக்கை பிறந்த தமிழ்நாட்டில், பஞ்சமி நில மீட்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை.

விற்க முடியாத நிலத்தால் என்ன பயன்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000-இல் வெளியிட்ட நூலில், ஏழைகளிடம் சொத்து இல்லாமல் இல்லை, அந்தச் சொத்துக்கு முறையான ஆவணம் இல்லாததால் அதை ஈடாக வைத்துக் கடன் வாங்க முடியவில்லை என்று வாதிட்டார். அப்படியானால் பஞ்சமி நிலத்தின் மேலுள்ள தடையை எடுத்துவிட்டு, மற்ற நிலத்தைப் போல விற்கவும் அடமானம் வைக்கவும் விட்டுவிட்டால் நம் மக்களுக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள்.

தடையால் வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்பது உண்மை. நாம் மேலே பார்த்த குடும்பம் புரோநோட்டுக்குப் போனதே அதனால்தான். ஆனால் தடையை எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். நகரம் வளர்ந்துவரும் நம் மாவட்டத்தில் ஒரு ஏக்கரின் விலை விவசாயக் கூலி ஆயுள் முழுக்கச் சம்பாதித்தாலும் எட்டாது. ஒரு மருத்துவச் செலவு, ஒரு கல்யாணம் வந்தால் நிலம் போய்விடும். போனது திரும்பாது.

அதனால் கடனுக்கான வழியை நிலத்தை விற்கும் உரிமையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. 1974-இல் தொடங்கிய தாட்கோ நிறுவனம் இருக்கிறது, கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. மீட்டுக் கொடுத்த நிலத்துக்குக் கிணறும் மின் இணைப்பும் பயிர்க் கடனும் சேர்ந்தே போக வேண்டும். வெறும் தரிசைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டால் 1892-இன் தவறு மறுபடியும் நடக்கும்.

டி சோட்டோ சொன்னதற்கும் நம் அனுபவத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆவணம் கிடைத்துவிட்டால் உரிமை வந்துவிடும் என்பது அவர் கணக்கு. நமக்கு ஆவணம் நூறாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அதைக் காட்டியதும் எழுந்து நடவடிக்கை எடுக்கிற அதிகாரிதான் கிடைக்கவில்லை.

காரணை மறக்கக் கூடாத ஊர்

இந்தக் கோரிக்கைக்கு நம் மாவட்டம் உயிர் கொடுத்திருக்கிறது. 1994-இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். அதையொட்டி எழுந்த போராட்டத்தில் அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 'பஞ்சமி நிலம்' என்ற சொல்லே தமிழ்நாடு முழுவதும் மறுபடி பேச்சுக்கு வந்தது. அரசு எழுதிய நிபந்தனையை அமல்படுத்து என்று கேட்டவர்கள்மேல் குண்டு பாய்ந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

தனிச் சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இருக்கிற சட்டத்திலேயே செய்ய நிறைய இருக்கிறது.

முதல் வேலை கணக்கெடுப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகையும் உரிமையாளர் பெயரும் குறிப்புகளும் இருக்கும். அதோடு நின்றுவிடக் கூடாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூ.டி.ஆர். வேலையில், புதிய எண்களும் புதிய பதிவுகளும் வந்தன. பல ஊர்களில் பழைய நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வராமல் விடுபட்டிருக்கிறது என்ற புகார் உண்டு. அதனால் யூ.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் கேட்க வேண்டும். பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டால் குறிப்பு எங்கே காணாமல் போனது என்று தெரியும். நகல் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுக்கலாம்.

இரண்டாவது வில்லங்கச் சான்று. நிலம் எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை அது காட்டும். ஒப்படை பெற்றவர் பட்டியல் சாதி, வாங்கியவர் வேறு வகுப்பு என்றால் நிபந்தனை மீறல் அந்தத் தாளிலேயே தெரியும். மனை வாங்கப் போகிறவர்களும் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

மூன்றாவது மனு. நிபந்தனையை மீறிய ஒப்படை பற்றி மாவட்ட ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் புல எண் வாரியாக மனுக் கொடுக்க வேண்டும். தவறான பட்டா மாற்றத்தை எதிர்த்து 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பொத்தாம்பொதுவாக 'எங்கள் நிலத்தை மீட்டுத் தாருங்கள்' என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். புல எண், பரப்பு, பழைய பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று நான்கும் இணைத்த மனுவை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது அவசியம்.

நான்காவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகள், பட்டியல் சாதியினருக்குச் சொந்தமான அல்லது ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதையும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதையும் குற்றம் என்கின்றன. நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பதும் அச்சட்டத்தின் நிவாரண விதிகளில் இருக்கிறது. இது சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போ என்று காவல் நிலையத்தில் சொல்வார்கள். ஒப்படைக்கப்பட்ட நிலம் என்பதற்கான பதிவேட்டு நகல் கையில் இருந்தால் அந்தப் பதிலை மறுத்துப் பேச முடியும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ, தாலுகா நீதிமன்றத்தில் உள்ள வட்டக் குழுவிலோ கேட்கலாம். உதவி எண் 15100.

இந்த வேலைக்கு நம் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வருவாய்க் கிராமத்தின் பதிவேட்டைச் சில நாட்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: பழைய புல எண், புதிய புல எண், பரப்பு, ஒப்படை பெற்றவர், நிபந்தனைக் குறிப்பு, இன்றைய அனுபவம். பெரியவர்களை உடன் அழைத்துப் போய் எல்லைக் கல்லையும் பார்த்து வாருங்கள். அவர்கள் கை நீட்டிக் காட்டும் மேட்டுக்கு ஒரு எண் இருக்கிறது. அந்த எண் தெரிந்தவர்கள் நம் காலனிகளில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அந்தப் பட்டியலை அடுத்த கிராம சபையில் வையுங்கள். இந்தப் புல எண்களின் ஒப்படை விவரத்தை வருவாய்த் துறை வெளியிட வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். நகலையும் கையோடு வாங்கி வாருங்கள்.